பிளாங்க்கில் பிஸ்பீனால் ஏறுகிறது, ஆற்றுநீரில் எத்தினைல் எஸ்ட்ரடையால் காணாமல் போகிறது: எங்கே தவறு?

அடையாற்று மாணவி:

அனைவருக்கும் வணக்கம். நாளமில்லாச் சுரப்பிகளின் வேலையைக் குலைக்கும் மாசுகள் ஆற்றுநீரில் எந்த அளவில் உள்ளன என்று அளப்பதே என் முனைவர் பட்ட ஆய்வின் முதற்பகுதி. பெண் ஹார்மோன்களான (எஸ்ட்ரோஜன்கள்) எஸ்ட்ரோன், 17-பீட்டா எஸ்ட்ரடையால், கருத்தடை மாத்திரைகளில் சேர்க்கப்படும் 17-ஆல்ஃபா எத்தினைல் எஸ்ட்ரடையால், பிளாஸ்டிக் தயாரிப்பில் பயன்படும் பிஸ்பீனால் ஏ ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். சைதாப்பேட்டையில் மறைமலை அடிகள் பாலத்துக்கு அருகே அடையாற்றில் மாதிரி எடுக்கிறேன்.

பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பியில் எடுத்த ஒரு லிட்டர் நீரைக் கண்ணாடியிழை வடிதாளில் வடிகட்டி, கரைந்த சேர்மங்களைப் பிடித்துவைக்கும் 200 மில்லிகிராம் எச்.எல்.பி. கார்ட்ரிட்ஜ் வழியாக நிமிடத்துக்கு ஐந்து மில்லிலிட்டர் வேகத்தில் செலுத்தி, மெத்தனாலால் கழுவி இறக்கி, நைட்ரஜன் ஊதி உலர்த்தி, 0.5 மில்லிலிட்டரில் மீண்டும் கரைக்கிறேன். அதாவது 2000 மடங்கு செறிவாக்கம். பிறகு சேர்மங்களைப் பிரித்து, அயனியாக்கி, நிறையைக் கொண்டு அடையாளம் காணும் எல்.சி.-எம்.எஸ்./எம்.எஸ். கருவியில், எதிர்மின் எலெக்ட்ரோஸ்பிரே முறையில் அளக்கிறேன். உள்தரமாக (இழப்பைத் திருத்த மாதிரியில் தெரிந்த அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுச் சேர்மம்) கையில் இருப்பது டியூட்டீரியம் ஏற்றிய பிஸ்பீனால் ஏ-டி16 மட்டுமே.

எனக்கு இரண்டு சிக்கல்கள். ஆய்வகத்துத் தூயநீரையே மாதிரியாகச் செலுத்தும் பிளாங்க் சோதனையிலும் பிஸ்பீனால் ஏ லிட்டருக்கு ஏறத்தாழ 30 நானோகிராம் வருகிறது. எத்தனை முறை குப்பிகளைக் கழுவினாலும் இறங்குவதில்லை. அடுத்தது, லிட்டருக்கு 5 நானோகிராம் எத்தினைல் எஸ்ட்ரடையாலைச் சேர்த்துப் பார்த்தால் தூயநீரில் 91 விழுக்காடு திரும்பக் கிடைக்கிறது, ஆற்றுநீரில் வெறும் 36 விழுக்காடுதான். கார்ட்ரிட்ஜ் சரியில்லை என்று கருதி வேறு நிறுவனத்தின் கார்ட்ரிட்ஜை வாங்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. டேன்சைல் குளோரைடு கொண்டு வினைப்படுத்தினால் உணர்திறன் கூடும் என்று ஆய்வகத்தில் ஒருவர் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல்தான் இங்கே கேட்கிறேன்.

நிறமாலை:

வணக்கம். உங்கள் 36 விழுக்காடு என்பது ஓர் எண் அல்ல, இரண்டு எண்களின் பெருக்குத்தொகை. சேர்மம் கார்ட்ரிட்ஜில் தொலைந்ததா, அல்லது பத்திரமாகக் கருவி வரைக்கும் வந்துவிட்டு அயனியாகும் இடத்தில் அமுங்கிப்போனதா என்பதைப் பிரித்தறியாமல் கார்ட்ரிட்ஜை மாற்றியதில் பணம்தான் செலவாகியிருக்கும்.

பிரித்தறிய மூன்று கரைசல்கள் போதும். முதலாவது, வெறும் கரைப்பானில் தயாரித்த தரக்கரைசல். இரண்டாவது, எதையும் சேர்க்காமல் ஆற்றுநீரை முழுவதும் பிரித்தெடுத்து, கடைசியில் கிடைக்கும் அரை மில்லிலிட்டரில் அதே அளவு எத்தினைல் எஸ்ட்ரடையாலைச் சேர்த்தது. மூன்றாவது, நீங்கள் இப்போது செய்வதுபோல் பிரித்தெடுப்பதற்கு முன்பே ஆற்றுநீரில் சேர்த்தது. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் மேட்ரிக்ஸ் விளைவு, அதாவது நீரில் உள்ள பிற பொருள்களின் இடையூறுக்குப் பிறகு எவ்வளவு சமிக்ஞை எஞ்சுகிறது என்பது, கிடைக்கும். மூன்றாவதை இரண்டாவதால் வகுத்தால் உண்மையான மீட்பு விகிதம் கிடைக்கும். ஆற்றில் ஏற்கெனவே அந்தச் சேர்மம் இருந்தால் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும் என்பதால், எதுவும் சேர்க்காத ஆற்றுநீர் ஒன்றையும் உடன் ஓட்டுங்கள்.

தூயநீரில் 91 வந்திருப்பதால், கார்ட்ரிட்ஜில் பெரிய இழப்பு இருக்காது என்பது என் ஊகம். ஆற்றுநீரில், அதுவும் சாக்கடை கலக்கும் ஆற்றில், மக்கிய தாவரங்களிலிருந்து வரும் ஹியூமிக் அமிலங்களும் சலவைப்பொருள்களின் எச்சங்களும் 2000 மடங்கு செறிந்து உங்கள் சேர்மத்தோடு ஒரே நேரத்தில் வெளிவருகின்றன. அவை எதிர்மின் முறையில் எளிதில் மின்னேற்றம் பெறுபவை. எத்தினைல் எஸ்ட்ரடையாலோ தன் ஒரே பீனால் புரோட்டானை விட மனமில்லாமல் விடுகிற மூலக்கூறு. தெளிக்கப்படும் துளியின் மேற்பரப்புக்கு நடக்கும் போட்டியில் அது தோற்றுப்போவதில் வியப்பில்லை. இங்கே ஒரு முரண் இருக்கிறது: செறிவாக்கத்தைக் கூட்டினால் இடையூறும் அதே அளவு கூடும். ஆற்றுநீர்ச் சாற்றை நான்கு மடங்கு நீர்க்கச்செய்து மறுபடி செலுத்திப் பாருங்கள். கருவி காட்டும் உச்சம் (பீக்) நான்கில் ஒரு பங்குவரை இறங்காமல் அதற்கு மேலேயே நின்றால், அமுக்கம் இருப்பது அந்த ஒரு சோதனையிலேயே தெரிந்துவிடும்.

பிஸ்பீனால் ஏ-டி16 உள்தரம் இதைத் திருத்தாது. அது தனக்குரிய நேரத்தில் வெளிவருகிறது. எத்தினைல் எஸ்ட்ரடையால் வரும் நேரத்தில் என்ன அமுங்குகிறது என்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு சேர்மத்துக்கும் அதனதன் ஐசோடோப்பு வடிவம் வேண்டும். விலை அதிகம்தான், ஆனால் இந்தப் பணியில் தவிர்க்கவே முடியாத செலவு அதுதான் என்பேன். வாங்கும்போது எஸ்ட்ரோனுக்கும் எஸ்ட்ரடையாலுக்கும் கார்பன்-13 ஏற்றியதையே வாங்குங்கள். எஸ்ட்ரோனின் கீட்டோனுக்குப் பக்கத்துக் கார்பனில் உள்ள டியூட்டீரியம் காலப்போக்கில் கரைப்பானின் ஹைட்ரஜனோடு இடம் மாறிக்கொள்ளக்கூடும். இதே காரணத்தால்தான் டி16-ஐ 243 நிறையில் தேடுபவர்களுக்கு ஒன்றும் கிடைப்பதில்லை: பதினாறில் இரண்டு ஹைட்ராக்சிலில் இருப்பவை, அவை மெத்தனாலிலும் நீரிலும் உடனே பறிபோய்விடும், மீதம் பதினாலு; எனவே 241-இல் தேட வேண்டும்.

ஐசோடோப்பு உள்தரம் விகிதத்தைச் சரிசெய்யுமே தவிர, இழந்த உணர்திறனைத் திருப்பித் தராது. அதற்குச் சாற்றைத் தூய்மைப்படுத்தியாக வேண்டும். கார்ட்ரிட்ஜை நீர் கலந்த 40 விழுக்காடு மெத்தனாலால் கழுவுவதும், அடுத்து நீரால் சமன்படுத்திவிட்டு 10 விழுக்காடு மெத்தனாலில் 2 விழுக்காடு அம்மோனியா சேர்த்துக் கழுவுவதும் ஹியூமிக் பழுப்பைக் கணிசமாக வெளியேற்றும். அந்தக் கழுவுநீரைக் கொட்டிவிடாமல் ஒருமுறை கருவியில் செலுத்தி, உங்கள் சேர்மமும் அதோடு போகிறதா என்று பாருங்கள். அம்மோனியாவின் காரத்தன்மையில் பீனால்கள் அயனியாகும், ஆகவே பிஸ்பீனால் ஏ முதலில் நழுவும். அதற்கும் மேல் தேவைப்பட்டால் இடையூறுகளைப் பிடித்துக்கொள்ளும் ஃபுளோரிசில் கார்ட்ரிட்ஜ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். கருவிக்குள் மாதிரியைச் சுமந்து செல்லும் நகர்வுக் கரைப்பானில் அம்மோனியம் ஃபுளோரைடு மிகச் சிறிய அளவில் சேர்ப்பதும் எஸ்ட்ரோஜன்களின் அயனியாக்கத்தைக் கூட்டும்.

வெற்றுக்குப்பி:

முதல் சிக்கலை நான் எடுத்துக்கொள்கிறேன். பிஸ்பீனால் பிளாங்க்கோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: குப்பிகளைக் கழுவுவது கடைசி வேலை, முதல் வேலை அல்ல. அது எங்கிருந்து வருகிறது என்று கருவியின் முனையிலிருந்து பின்னோக்கி நடந்து வர வேண்டும்.

முதலில் எதையும் செலுத்தாமல் கரைப்பான் ஓட்டத்தை மட்டும் ஓட்டுங்கள். பிஸ்பீனால் உச்சம் வந்தால், இரண்டு ஓட்டங்களுக்கு இடையே பிரிப்புக் குழாய் (column) சமன்படும் நேரத்தை ஐந்து நிமிடத்திலிருந்து இருபது நிமிடமாக்கிப் பாருங்கள். உச்சம் அதற்கேற்ப வளர்ந்தால், நகர்வுக் கரைப்பானிலோ பம்ப்பின் பிளாஸ்டிக் உறுப்புகளிலோ உள்ள பிஸ்பீனால், நீர் மிகுந்த அந்த நேரம் முழுவதும் பிரிப்புக் குழாயின் தலையில் சேர்ந்துகொண்டே இருந்து, கரைப்பான் மாறும்போது ஒரே உச்சமாக இறங்குகிறது என்று பொருள். இதற்கு ஒரு நல்ல உபாயம் உண்டு. பம்ப்பின் கலப்பானுக்கும் மாதிரி செலுத்தும் இடத்துக்கும் நடுவில் சிறிய சி18 பிரிப்புக் குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். பம்ப் பக்கத்திலிருந்து வரும் பிஸ்பீனால் அங்கே தாமதப்பட்டு, உங்கள் மாதிரியின் உச்சத்துக்குப் பிறகு தனியாக வந்துவிடும்.

அடுத்து, வெறும் மெத்தனாலைச் செலுத்துங்கள். அதற்கடுத்து, நீர் எதுவும் செலுத்தாமல் கார்ட்ரிட்ஜைத் தயார்செய்து, இறக்கி, உலர்த்தி அளங்கள். இவை எல்லாம் சுத்தமாக இருந்தால், தூயநீரை 250, 500, 1000 மில்லிலிட்டர் என்று மூன்று கார்ட்ரிட்ஜ்களில் தனித்தனியே செலுத்துங்கள். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: முடிவை லிட்டருக்கு இத்தனை என்று கணக்கிடாதீர்கள், கார்ட்ரிட்ஜுக்கு மொத்தம் எத்தனை நானோகிராம் என்று எழுதுங்கள். நீரின் அளவு கூடக்கூட மொத்தமும் அதே விகிதத்தில் கூடினால் குற்றவாளி நீர்தான். அளவு எதுவானாலும் மொத்தம் மாறாமல் நின்றால் கார்ட்ரிட்ஜ், கரைப்பான், கண்ணாடி, ஊசி இவற்றில் ஏதோ ஒன்று.

என் சந்தேகம் உங்கள் தூயநீர்க் கருவியின் மேல். அதன் தொட்டியும் குழாயும் வடிகட்டி உறைகளும் பெரும்பாலும் பிளாஸ்டிக். மின்தடை 18.2 மெகாஓம் காட்டுகிறது என்பதால் நீர் தூயது என்று நம்பிவிடக் கூடாது. அந்த அளவி அயனிகளைத்தான் பார்க்கும், மின்னேற்றம் இல்லாத பிஸ்பீனால் மூலக்கூறு அதன் கண்ணில் படவே படாது. கண்ணாடிக் குப்பியில் வரும் எல்.சி.-எம்.எஸ். தர நீரை வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

கண்ணாடிப் பாத்திரங்களைப் பொறுத்தவரை, சோப்புநீர் போதாது; 400 டிகிரி செல்சியஸில் நான்கு மணி நேரம் உலையில் வைத்து, அலுமினியத் தாளால் வாயை மூடி வைக்க வேண்டும். அளவுக்குடுவைகளை உலையில் வைத்துவிடாதீர்கள், கொள்ளளவு மாறிவிடும். அவற்றை மெத்தனாலால் அலசினால் போதும். நைட்ரஜன் ஊதும் கருவியின் குழாய் வினைல் பிளாஸ்டிக்காக இருந்தால் அதையும் மாற்றுங்கள். இதை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

ஒரு கேள்வி. ஆற்றுநீரில் உங்களுக்கு எவ்வளவு பிஸ்பீனால் வருகிறது? அங்கே நானூறு, ஐநூறு நானோகிராம் இருந்தால், பிளாங்க்கின் முப்பதுக்காக ஆறு மாதத்தைச் செலவிடுவது வீண். நாற்பதுதான் வருகிறது என்றால் உங்களிடம் ஆற்றைப் பற்றிய தரவே இன்னும் இல்லை.

மீன்கணக்கர்:

மேலே இருவரும் சொன்னதை ஏற்றுக்கொண்டு, மாதிரி ஆய்வகத்துக்கு வந்து சேர்வதற்கு முன்பும் அளவுகளைப் பொருள்கொள்ளும்போதும் வரும் சிக்கல்களைச் சேர்க்கிறேன்.

மனித உடலிலிருந்து எஸ்ட்ரோஜன்கள் பெரும்பாலும் குளூகுரோனைடு, சல்பேட்டு இணைப்புகளாகவே வெளியேறுகின்றன. கழிவுநீரில் உள்ள ஈ. கோலை பாக்டீரியாவின் நொதி குளூகுரோனைடை வெட்டிவிடுவதால், குழாயிலும் ஆற்றிலும் உங்கள் குப்பிக்குள்ளேயும்கூட எஸ்ட்ரோஜன் புதிதாக விடுதலையாகிக்கொண்டே இருக்கும். கூடவே எஸ்ட்ரடையால் எஸ்ட்ரோனாக மாறிக்கொண்டிருக்கும். சைதாப்பேட்டையிலிருந்து குப்பியைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் வந்து, மறுநாள் காலையில் வடிகட்டினால், நீங்கள் அளப்பது ஆறு அல்ல, குப்பிக்குள் நடந்த நொதித்தல். எடுத்த இடத்திலேயே அமிலம் சேர்த்து பி.எச். அளவை 3-க்கு அருகில் கொண்டுவந்து, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே பிரித்தெடுத்துவிடுங்கள். பிற்பாடு குளோரின் கலந்த குடிநீரையும் அளக்க நினைத்தால் முதலில் சோடியம் தயோசல்பேட்டால் குளோரினை முறிக்க வேண்டும். பீனால் வளையத்தைக் குளோரின் சும்மா விடாது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் 539-ஆம் முறை, குடிநீரில் ஹார்மோன்களை அளப்பதற்காகவே எழுதப்பட்டது. அதில் தயோசல்பேட்டோடு நுண்ணுயிர் தடுப்பானையும் சேர்க்கிறார்கள். மாதிரி எடுக்கும் பகுதிக்காகவாவது அதைப் படியுங்கள்.

வடிதாளைத் தூக்கி எறிகிறீர்களா? எத்தினைல் எஸ்ட்ரடையால் நீரை அவ்வளவாக விரும்பாத மூலக்கூறு. சேறு கலங்கிய நீரில் ஒரு பகுதி துகள்களில் ஒட்டிக்கொண்டு வடிதாளிலேயே தங்கிவிடும். அந்தத் தாளை மெத்தனாலில் அலசித் தனியாக அளந்தால் அந்தப் பங்கு தெரியும். அளக்கவில்லை என்றால் உங்கள் முடிவு கரைந்த பகுதிக்கு மட்டுமே உரியது என்று தெளிவாக எழுத வேண்டும்.

டேன்சைல் பற்றி நான் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பேன். உணர்திறன் பெரிதும் கூடுவது உண்மை. ஆனால் டேன்சைல் ஏறிய எல்லா பீனால்களும் உடையும்போது 171 நிறையுள்ள ஒரே துண்டைத்தான் தருகின்றன. அந்தத் துண்டு டேன்சைலுக்குச் சொந்தமானது, எஸ்ட்ரோஜனுக்கு அல்ல. சாக்கடைநீரில் எத்தனை பீனால்கள் இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அவை எல்லாம் ஒரே முகமூடியை அணிந்துகொண்டு வந்து நிற்கும். வினைப்படுத்தாமல், எத்தினைல் எஸ்ட்ரடையாலின் 295 நிறையுள்ள அயனியிலிருந்து வரும் 145, 159 என்ற இரண்டு துண்டுகளையும் அவற்றின் விகிதத்தையும் பார்த்து உறுதிசெய்வது, உணர்திறனில் பின்தங்கினாலும், நம்பிக்கைக்கு உரியது.

எவ்வளவு தாழ்வாக அளக்க வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு நான் ஓர் ஏரியின் கதையைச் சொல்வேன். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆய்வுக்கென ஒதுக்கப்பட்ட ஏரிகளில் ஒன்றான 260-ஆம் ஏரியில், கேரன் கிட் குழுவினர் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகள் எத்தினைல் எஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம் இருக்கும்படி கலந்தார்கள். ஆண் மீன்கள் முட்டைக்கருப் புரதத்தை உருவாக்கத் தொடங்கின. ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறுமீன் அந்த ஏரியிலிருந்து ஏறக்குறைய அற்றுப்போனது. 2007-இல் வெளியான முடிவு இது. நீங்கள் சோதனைக்காகச் சேர்க்கிறீர்களே, அதே 5 நானோகிராம். ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் வெளியிட்ட கண்காணிப்புப் பட்டியலில் இந்தச் சேர்மத்துக்கு அளவீட்டு முறை எட்ட வேண்டிய வரம்பு லிட்டருக்கு 0.035 நானோகிராம்; எஸ்ட்ரோனுக்கும் எஸ்ட்ரடையாலுக்கும் 0.4. உங்கள் செறிவாக்கத்தில் 0.035 என்பது, பத்து மைக்ரோலிட்டர் செலுத்தினால் பிரிப்புக் குழாயின் மேல் விழும் 0.7 பிகோகிராம். எதுவும் தொலையாமல், எதுவும் அமுங்காமல் இருந்தால்தான் அதுவும்.

அதனால்தான் உயிரணுச் சோதனையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். மனித எஸ்ட்ரோஜன் ஏற்பியைப் பொருத்திய ஈஸ்ட் செல்களைக் கொண்டு செய்யும் முறை 2018-இல் ஐ.எஸ்.ஓ. 19040 என்ற தரமாகவே வந்துவிட்டது. எந்தச் சேர்மம் என்று அது சொல்லாது. ஆனால் சாற்றில் உள்ள எல்லாமும் சேர்ந்து எவ்வளவு எஸ்ட்ரடையாலுக்கு நிகராக வேலை செய்கின்றன என்று சொல்லிவிடும். உங்கள் வேதியியல் கணக்கு அந்த எண்ணில் பாதியைக்கூட விளக்கவில்லை என்றால், நீங்கள் தேடாத ஏதோ ஒன்று ஆற்றில் இருக்கிறது.

அடையாற்று மாணவி:

மூவருக்கும் நன்றி. பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். சொன்ன சோதனைகளை முடித்துவிட்டே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

நிறமாலை ஐயா ஊகித்ததுதான் நடந்திருக்கிறது. மூன்று கரைசல்களையும் ஓட்டினேன்: மேட்ரிக்ஸ் விளைவு 42 விழுக்காடு, உண்மையான மீட்பு 86 விழுக்காடு. இரண்டையும் பெருக்கினால் அந்தப் பழைய 36 வந்து நிற்கிறது. கார்ட்ரிட்ஜை வீணாகப் பழித்திருக்கிறேன். இரண்டு கழுவல்களையும் சேர்த்த பிறகு சாற்றின் நிறம் தேநீரிலிருந்து வெளிர்மஞ்சளுக்கு வந்தது, மேட்ரிக்ஸ் விளைவு 71-க்கு ஏறியது. அம்மோனியாக் கழுவுநீரில் பிஸ்பீனால் சிறிது போனது உண்மை, எனவே அம்மோனியாவின் அளவைப் பாதியாக்கிவிட்டேன்.

பிளாங்க் விஷயத்தில், கருவி சுத்தமாக இருந்தது. தூயநீரில் 250 மில்லிலிட்டருக்கு 8, 500-க்கு 15, 1000-க்கு 29 நானோகிராம் என்று நேர்கோடாக ஏறியது, நீர்தான். கண்ணாடிக் குப்பி நீருக்கு மாறிய பிறகு ஏழு பிளாங்க்குகளின் சராசரி 2.1, திட்ட விலக்கம் 0.6. ஆற்றில் பிஸ்பீனால் இருநூறுக்கு மேல் வருகிறது. எத்தினைல் எஸ்ட்ரடையாலுக்கு, லிட்டருக்கு ஒரு நானோகிராம் சேர்த்த ஏழு மாதிரிகளின் திட்ட விலக்கம் 0.1. ஆற்றுநீரில் அது தென்படவில்லை.

இப்போது இரண்டு ஐயங்கள். பிஸ்பீனால் முடிவிலிருந்து அந்த 2.1-ஐக் கழித்துவிடலாமா? எத்தினைல் எஸ்ட்ரடையால் அடையாற்றில் இல்லை என்று எழுதலாமா?

வெற்றுக்குப்பி:

கழிக்க வேண்டாம். இருநூறில் இரண்டு என்பது உங்கள் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடும். பிளாங்க்கின் சராசரியையும் விலக்கத்தையும் அட்டவணையில் தனி வரியாகக் கொடுத்துவிட்டால், படிப்பவர் தாமே முடிவுசெய்துகொள்வார். பிஸ்பீனாலுக்குக் கண்டறியும் வரம்பைக் கணக்கிடும்போது, சேர்த்த மாதிரிகளின் விலக்கத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் அது ஏமாற்றிவிடும். ஏழு அளவீடுகளுக்கான 3.143 என்ற காரணியால் 0.6-ஐப் பெருக்கி, அதனோடு சராசரியான 2.1-ஐக் கூட்டுங்கள். 4.0 வருகிறது. அதற்குக் கீழே எது வந்தாலும் அது ஆய்வகத்தின் பிஸ்பீனாலாக இருக்கக்கூடும்.

மீன்கணக்கர்:

எத்தினைல் எஸ்ட்ரடையாலுக்குப் பிளாங்க்கில் எதுவும் வருவதில்லை என்பதால் 0.1-ஐ அதே காரணியால் பெருக்கினால் போதும்: வரம்பு ஏறத்தாழ 0.3 நானோகிராம். இது தூயநீரில் சேர்த்துப் பெற்ற எண்ணா, ஆற்றுநீரில் சேர்த்துப் பெற்ற எண்ணா என்று நீங்கள் சொல்லவில்லை; தூயநீர் என்றால் ஆற்றுநீரில் மறுபடி செய்யுங்கள். எப்படியானாலும் "இல்லை" என்று எழுதாதீர்கள், "0.3-க்குக் கீழ்" என்று எழுதுங்கள். ஐரோப்பியர்கள் 2015-இல் கேட்ட 0.035-க்கும் உங்கள் 0.3-க்கும் நடுவே எட்டு மடங்குக்கு மேல் இடைவெளி இருக்கிறது, அந்த இடைவெளிக்குள் ஆறு எங்கே நிற்கிறது என்று உங்கள் தரவால் சொல்ல முடியாது. அடுத்த சுற்றில் இரண்டு லிட்டர் எடுத்து, ஃபுளோரிசில் சேர்த்து, 0.2 மில்லிலிட்டருக்கு உலர்த்திப் பாருங்கள். உலர்த்தும்போது முழுவதும் வறண்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டால் திரும்ப வராது.

அடையாற்று மாணவி:

தூயநீரில்தான் செய்திருந்தேன். திங்கட்கிழமை ஆற்றுநீரில் ஏழு மாதிரிகள் மறுபடி ஓட்டுகிறேன். கார்பன்-13 உள்தரங்களும் அதற்குள் வந்துவிடும் என்கிறார்கள்.